ஜின் மேல் பழி போடாதீர்கள்

சுங்குவார்சத்திரத்தில் என் அறைத்தோழி, வாரக்கணக்கில் நைட் ஷிஃப்ட் பார்த்தவள், ஒரு விடியற்காலையில் அலற ஆரம்பித்தாள். “ஜின் புடிச்சிருக்கு, ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்கள்.

ஜின்னைப் புகையில்லா நெருப்பிலிருந்து படைத்ததாகக் குர்ஆன் சொல்கிறது. ஜின்களில் நல்லவர்களும் உண்டு என்கிறது. நம்புகிறவர்கள் நம்பட்டும், எனக்குச் சண்டையில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநலக் காப்பகம் என்று நடத்தப்பட்ட கொட்டகையில் 28 பேரைக் கொன்றது புகையோடு எரிந்த சாதாரண நெருப்பு. ஓட முடியவில்லை, சங்கிலியில் கட்டிவைத்திருந்தார்கள். அந்தச் சங்கிலியைப் பூட்டியது ஜின்னா?

இவளுக்கு வேண்டியது தூக்கம், விடுப்பு, ஒரு மனநல மருத்துவர். இந்த மூன்றையும் கேட்டால் பதில் சொல்ல மனுஷங்க வேணும். ஜின்னைச் சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.