கிண்ணத்தில் நின்ற பெட்ரோல்

ஏற்காடு தாலுகா கரடியூரில் எங்களுக்கு நாலு ஏக்கர் காபி. சில்வர் ஓக் நிழல், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. ஓடையோரத் தகரக் கொட்டகையில் அப்பா வாங்கிய ஒன்றரை குதிரைத்திறன் பம்ப்செட் இருக்கிறது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பழைய ரகம். மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதானதிலிருந்து பெட்ரோலிலேயே ஓட்டுகிறேன். பிப்ரவரி கடைசியிலிருந்து, காபியைப் பூக்கவைக்கும் பூ மழை விழும்வரை நாற்றங்காலுக்கும் புதிதாக வைத்த செடிகளுக்கும் தண்ணீர் ஏற்றும். மழை பிடித்துவிட்டால் சாக்குப் போட்டு மூடிவிடுவோம். அப்புறம் அடுத்த வருடம்தான்.

இந்த மார்ச்சில் கயிறு இழுத்தேன், கிளம்பவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும் போல இழுத்தும் ஒரு இருமல்கூட இல்லை. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் காயில் மாற்றினார், பிளக் மாற்றினார். கடைசியில், “இது போயிடுச்சுங்கக்கா, புதுசு ஒண்ணு வாங்கிடுங்க” என்றார். திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்ஜின் மக்கர் பண்ணினால் பொறி, அமுக்கம், எண்ணெய் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும் என்பார் அப்பா. பெட்ரோலைத் தள்ளி வைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி இன்ஜின் உடம்பில் ஒட்டவைத்து இழுத்தேன். நீலப்பொறி பளிச்சென்று விழுந்தது. பிளக் ஓட்டையில் கட்டைவிரலை அழுத்தி இழுத்தால் காற்று விரலைத் தள்ளியது. அமுக்கமும் சரி. மிச்சம் எண்ணெய்தான். டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தேன்.

சற்று நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்து நின்றது. மேலே தெளிவாக ஒன்று, அடியில் கலங்கலாக இன்னொன்று, நடுவே கோடு போட்டது போல. கிண்ணத்தின் அடியில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் படிவு. ஊசி முனை அளவுள்ள ஜெட் ஓட்டையைப் பச்சைக் களிம்பு அடைத்திருந்தது.

டேங்க் மூடியின் வாஷர் இற்றுப்போயிருந்தது. ஜூனிலிருந்து டிசம்பர் வரை இங்கே மழையும் பனிமூட்டமும்தான். அப்பா காலத்திலும் தண்ணீர் இறங்கத்தான் செய்தது. ஆனால் அப்போது தண்ணீர் அடியில் நிற்கும், அதை வடித்தால் மேலே உள்ள பெட்ரோல் பெட்ரோலாகவே இருக்கும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது. அது தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால், குளிரும் கூடினால், பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு அடியில் இறங்கிவிடும். கார்புரேட்டர் உறிஞ்சுவது அந்த அடிக் கலங்கலைத்தான்.

‘நிறுத்தும் முன் பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்து, கிண்ணத்தில் பெட்ரோல் நின்றால்தான் அடுத்த தடவை கிளம்பும்’ என்பது அப்பா சொல்லிக்கொடுத்த பாடம். பல வருடம் அது என்னைக் காப்பாற்றியது. அதே பழக்கம்தான் இப்போது கார்புரேட்டரை அரித்திருக்கிறது. பெட்ரோல் மாறியதை விவசாயிக்கு யாரும் சொல்லவில்லை.

2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 விற்பனைக்கு வந்தது. 2030-க்கு வைத்திருந்த இலக்கை முன்னே இழுத்து 2025-லேயே எட்டிவிட்டார்கள். அந்நியச் செலாவணி மிச்சமாவதும், கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் விலை கிடைப்பதும் நல்ல விஷயம். நானும் விவசாயி, அதை மறுக்கவில்லை. ஆனால் நடந்த விவாதமெல்லாம் காரையும் பைக்கையும் பற்றி, மைலேஜ் எவ்வளவு குறையும் என்பதைப் பற்றி. தினமும் ஓடும் வண்டியில் பெட்ரோல் வாரத்தில் தீர்ந்து புதிது வந்துவிடும். பத்து மாதம் சும்மா கிடக்கும் பம்ப்செட், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், களை வெட்டும் மிஷின், கடல் சீறும் மாதங்களில் கரையேற்றி வைக்கும் வள்ளத்தின் அவுட்போர்டு: இவற்றில்தான் பெட்ரோல் நின்று கெடுகிறது. சின்ன இன்ஜின் வைத்திருப்பவர்களின் குரல் அந்த விவாதத்தில் எனக்குக் கேட்கவில்லை.

எத்தனால் கலப்பு பற்றி நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையே, பழைய வண்டிகளுக்காக இ10 பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்றது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்கக் கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. ஆகவே இனி அரசுதான் முடிவெடுக்க வேண்டும். ஏற்காடு மாதிரி தாலுகாவுக்கு ஒரு பங்க்கிலாவது, ஒரு குழாயிலாவது, கலக்காத பெட்ரோலோ இ10-ஓ வேண்டும். எத்தனை சதவீதம் எத்தனால் என்று ஒவ்வொரு பங்க்கிலும் தமிழில், கேன் பிடித்து நிற்பவர் கண்ணில் படும் இடத்தில், எழுதி வைக்க வேண்டும். நான் பெட்ரோல் வாங்கும் இடத்தில் கேட்டேன். பெட்ரோல் போடும் பையனுக்குத் தெரியவில்லை.

வயரிலிருந்து ஒற்றைச் செம்புக் கம்பி உருவி ஜெட்டைக் குத்திச் சுத்தம் செய்தேன். வாஷரும் ஃப்ளோட் ஊசியும் புதிது. அன்று வாங்கிய பெட்ரோலை ஊற்றி இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. ஆனால் அதற்குள் பதினோரு நாள் போயிருந்தது. நாற்றங்காலில் பாதிக்கு மேல் கருகிவிட்டது. குடத்தில் சுமந்து ஊற்றியதில் மிச்சப் பாதி பிழைத்தது.

ஏப்ரலில் பூ மழை விழுந்தது. பம்ப்செட்டை மூடும் முன் பெட்ரோல் டேப்பை அடைத்துவிட்டு, கிண்ணம் வற்றித் தானாக நிற்கும்வரை ஓடவிட்டேன். டேங்கையும் வடித்துத் துடைத்தேன். அந்தக் கண்ணாடி பாட்டிலை நல்ல மூடி போட்டுக் கொட்டகைப் பரணில் வைத்திருக்கிறேன். பம்ப்செட் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தார் வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்.