படுக்கையும் பலகாரமும் – பணம் மட்டும் நமதா?

உழைத்துப் பிழைப்பவன் நகரத்தில் ஓர் இரவு மானத்தோடு படுத்தெழ இடம் உண்டா? இந்தக் கேள்வியை இனியும் நாம் கேட்காமல் இருக்க முடியாது.

மார்டள்ளிக்கும் சுற்று ஊர்களுக்கும் மைசூர் அன்னிய ஊர் அல்ல. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும் வரை நமக்கு மாவட்டத் தலைநகரே அதுதான். இன்றும் பெரிய வியாதி என்றால் கொள்ளேகால் வழியாக அங்குதான் ஓடுகிறோம். 2018 டிசம்பர் 14 அன்று பக்கத்துச் சுள்வாடி மாரம்மன் கோயிலில் நஞ்சு கலந்த பிரசாதம் 17 உயிர்களைக் குடித்ததே, அப்போதும் உயிருக்குப் போராடியவர்களைச் சுமந்து வண்டிகள் மைசூர் மருத்துவமனைகளுக்கு விரைந்தன. நோயாளிக்கு ஒரு கட்டில் கிடைக்கும். கூடப் போன தாய்க்கும் மனைவிக்கும்?

‘படுக்கையும் காலைப் பலகாரமும்’ என்று பலகை தொங்கும் வீடுகள் இப்போது பெருகிவிட்டன. இத்தகைய வீடுகளுக்காக மத்திய சுற்றுலா அமைச்சகம் ஒரு திட்டமே வைத்திருக்கிறது. ஒன்று முதல் ஆறு அறை வரை. வீட்டுக்காரர் குடும்பமும் அங்கேயே குடியிருக்க வேண்டும். தங்கம், வெள்ளி என்று இரண்டு தரம். டெல்லியில் 2007இல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. சுற்றுலாப் பயணிக்காக இவ்வளவு யோசித்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வரும் கூலிக்காரனுக்காக யோசித்தார்களா?

மருத்துவச் சோதனைக்காக நாங்கள் அப்படியொரு வீட்டில் ஓர் இரவு தங்கினோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். ஒருவரைத் தூற்றுவது நோக்கமல்ல. தொலைபேசியில் சொன்ன வாடகை 900 ரூபாய். எங்கள் உடையையும் பேச்சையும் பார்த்ததும் அது 1,200 ஆயிற்று. விரிப்பில் முன்பு படுத்தவரின் தலைமுடி. வெந்நீர் இல்லை. பலகாரம் ஒன்பதரை மணிக்குத்தானாம். ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு ஏழு மணிக்கே வரிசையில் நிற்க வேண்டியவர்கள் நாங்கள். பொட்டலமாகக் கட்டித் தரக் கேட்டோம், முடியாது என்றார்கள். ‘வரியோடு’ பணம் வாங்கியவர்கள், பில் கேட்டபோது சிரித்தார்கள்.

குறைந்த காசுக்கு இவ்வளவுதான் கிடைக்கும் என்று சிலர் நியாயம் பேசுவார்கள். நாங்கள் மாளிகையா கேட்டோம்? சொன்ன விலை, துவைத்த விரிப்பு, பலகையில் எழுதிய பலகாரம், கொடுத்த பணத்துக்கு ரசீது. இது சலுகையா, உரிமையா?

வெள்ளைக்காரன் 1867இல் இயற்றிய சராய்ச் சட்டமே, விடுதிக்காரன் இடத்தைத் துப்புரவாக வைக்க வேண்டும், மாஜிஸ்திரேட் சொல்லும் மொழிகளில் கட்டணப் பட்டியல் மாட்ட வேண்டும் என்றது. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு, சாதி, மதம், இனம், பால், பிறப்பிடம் பார்த்து எந்தக் குடிமகனையும் ஓட்டல் வாசலில் தடுக்கக் கூடாது என்கிறது. ஏட்டில் இருப்பது வாசற்படிக்கு வரவில்லையே!

வரி வாங்க மட்டும் அரசு தவறவில்லை. ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு முன்பு ஜி.எஸ்.டி. கிடையாது. 2022 ஜூலை 18 முதல் அதன்மேல் 12 சதவீதம் சுமத்தினார்கள். 900 ரூபாய் அறைக்கு 108 ரூபாய்! 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமாகியிருக்கிறது. அதாவது 45 ரூபாய். குறைத்தது சரி, ஏழையின் ஓரிரவுக் கூரைமேல் வரி போட்டதே முறையா? வரி கேட்டு வாசலுக்கு வரும் அரசு, விரிப்பைப் பார்க்க வருவதில்லை.

தோழர்களே, இதைக் கன்னடர்–தமிழர் சண்டையாக்க நினைப்பவருக்கு இடங்கொடுக்காதீர்கள். சித்ரதுர்காவிலிருந்து வரும் கன்னடக் கூலிக்காரனுக்கும் இதே கதிதான். பெங்களூர் ரயில் நிலையத்துக்கு எதிரே சத்திரம் கட்டிய குப்பி தோட்டதப்பா கன்னடர். சென்னை சென்ட்ரல் எதிரே கட்டிய சவலை ராமசாமி முதலியார் தமிழர். வழிப்போக்கனுக்குக் கூரை தருவதை இரு மொழியாரும் அறம் என்றே கருதினார்கள். அந்த அறத்தை இன்று காசு விழுங்கிவிட்டது.

நம் கோரிக்கைகள்:

1. மைசூர் அரசு மருத்துவமனைகளின் அருகே, நோயாளியுடன் வருபவர்களுக்குக் குறைந்த வாடகையில் அரசு தங்குமிடம்.

2. ஒவ்வொரு விடுதி வாசலிலும் கன்னடம், தமிழ், ஆங்கிலத்தில் கட்டணப் பட்டியல்.

3. ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு வரி அறவே நீக்கம்.

கோரிக்கை வைப்பதோடு நம் கடமை தீரவில்லை. முன்பணம் கொடுக்குமுன் விலையை எழுதி வாங்குங்கள். பொதுவாக ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் விடுதி ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவில்லாதவர் உங்களிடம் வரி வாங்கவும் கூடாது. ஆகவே வரி கேட்டால் பதிவு எண் அச்சிட்ட பில்லைக் கேளுங்கள். தர மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். சங்கத்துக்கும் எழுதுங்கள்.

நகரத்தின் மாடிகளுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் நாம். அந்த மாடிகளில் ஓர் இரவுக்குப் பிச்சை கேட்கவில்லை. பணம் கொடுத்துத்தான் கேட்கிறோம். கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்போம், ஒன்றுபட்டு!