கருவி மட்டும் போதாது

கேரளத்தில் பத்தாம் வகுப்பு பயிலும் ஏறத்தாழ 4.3 லட்சம் மாணவ, மாணவியருக்கு 2025-26 கல்வியாண்டிலிருந்து ரோபோ தொழில்நுட்பம் கட்டாயப் பாடமாக்கப்பட்டிருக்கிறது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மாநில அரசு நிறுவனமான 'கைட்', இதற்கென 29,000 ரோபோ கருவிப் பெட்டிகளைப் பள்ளிகளுக்கு வழங்கியுள்ளது. வந்தவரின் முகத்தை அடையாளம் கண்டு தானே திறக்கும் கதவை உருவாக்குவது இப்பாடத்தின் செய்முறைகளுள் ஒன்று. அரசுப் பள்ளியில் இது சாத்தியமா என்று வியப்பவர்கள், அதற்குப் பின்னால் இருக்கும் கால் நூற்றாண்டு உழைப்பையும் கவனிக்க வேண்டும்.

இத்தகைய செய்முறைகள் மாணவருக்கு எளிதாவதற்குக் காரணம் காட்சிவழி நிரலாக்கம். கணினிக்கான கட்டளைகளை ஆங்கிலத்தில் வரிவரியாகத் தட்டச்சு செய்வதற்குப் பதிலாக, வண்ணக் கட்டங்களாகத் திரையில் இருக்கும் கட்டளைகளை இழுத்து, ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். ஒரு காற்புள்ளி தவறியதால் நிரல் முடங்கிப் போகும் சங்கடம் இதில் இல்லை. எதை முதலில் செய்வது, எதை எத்தனை முறை திரும்பச் செய்வது என்று சிந்திப்பதே மாணவரின் வேலை.

இந்தச் சிந்தனை புதியதன்று. கணினி குழந்தையை ஆட்டுவிக்கக் கூடாது, குழந்தைதான் கணினியை ஆட்டுவிக்க வேண்டும் என்று கருதிய கணித அறிஞர் சீமோர் பேப்பர்ட், சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1967-இல் 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார். அந்த வழியில் வந்ததுதான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2007-இல் வெளியிட்ட 'ஸ்கிராட்ச்'. கேரளப் பள்ளிகளில் ரோபோ பாடத்துக்குப் பயன்படும் 'பிக்டோபிளாக்ஸ்' மென்பொருளும் ஸ்கிராட்சை அடியொற்றியதே.

கணிதத்துக்கு 'ஜியோஜீப்ரா', இயற்பியலுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' எனப் பாவனைச் செயலிகளும் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. ஊசலின் நீளத்தை மாற்றினால் அலைவு நேரம் எப்படி மாறுகிறது என்பதைத் திரையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆய்வகமே இல்லாத பள்ளிக்கு இது பெரும் துணை. ஆனால், ஆய்வகத்துக்கு இதுவே மாற்று என்று அரசுகள் கைகழுவிவிடக் கூடாது.

கேரளம் இந்த நிலையை ஒரே நாளில் எட்டிவிடவில்லை. 2001-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கப்பட்டது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் தகவல் தொழில்நுட்பமும் ஒரு பாடமானது. உரிமக் கட்டணம் கேட்கும் மென்பொருள்களை விலக்கி, கட்டற்ற மென்பொருளுக்குப் பள்ளிகள் மாறின. 2017-இல் இத்திட்டம் 'கைட்' நிறுவனமானது. 2018-இல் உயர்நிலைப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் தொடங்கின. தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களுக்கு மட்டுமே கிடைத்துவந்த இவ்வாய்ப்பு, இப்போது வகுப்பில் இருக்கும் அனைவருக்கும் என விரிந்திருக்கிறது. ஆசிரியர்களுக்கான பயிற்சி, பள்ளி திறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பாடநூல் மலையாளம், ஆங்கிலத்துடன் தமிழிலும் கன்னடத்திலும் வழங்கப்படுவதால், இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழ்வழி மாணவர்களும் தாய்மொழியிலேயே இதைக் கற்க முடிகிறது.

நாட்டின் பொதுவான நிலை இதற்கு நேர்மாறானது. 2020-ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கை, நடுநிலை வகுப்புகளிலேயே நிரலாக்கத்தை அறிமுகப்படுத்த வேண்டும் என்றது. ஆனால், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி, 2023-24-இல் கணினி வசதி இருந்த பள்ளிகள் 57.2 சதவீதம், இணைய வசதி இருந்தவை 53.9 சதவீதம் மட்டுமே. கணினியே இல்லாத பள்ளியில் நிரலாக்கத்தை எங்கே கற்பிப்பது?

அரசு விட்டுவைக்கும் இடத்தைச் சந்தை நிரப்பும். கொரோனா காலத்தில், நிரலாக்கம் கற்றால் பிள்ளைகளுக்குக் கோடிக்கணக்கில் ஊதியம் கிடைக்கும் என்பதுபோல் பெற்றோருக்கு ஆசை காட்டும் விளம்பரங்கள் வந்தன. அவற்றில் சிலவற்றைத் திரும்பப் பெறுமாறு 2020-இல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவியைக் கற்றுக்கொள்ள ஆயிரக்கணக்கில் கட்டணம் செலுத்தக்கூடியவர்களின் பிள்ளைகளுக்கு மட்டுமே வாய்ப்பு என்றால், அது கல்வியில் புதியதொரு தீண்டாமை.

தமிழகத்திலும் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ஸ்கிராட்ச் இடம்பெற்றது. அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் அமைக்கப்பட்டன. ஆனால், நூலின் ஓர் அலகாகப் படித்து, விடைத்தாளில் எழுதி மதிப்பெண் பெறுவது, நீச்சலைக் கரும்பலகையில் கற்பதற்கு ஒப்பாகும். கணினிக்கெனத் தனி ஆசிரியரும், செய்முறைக்கெனத் தனிப் பாடவேளையும் உயர்நிலை வகுப்புகளில் உறுதிசெய்யப்பட வேண்டும்.

மத்திய அரசின் பொறுப்பும் குறைந்ததல்ல. பள்ளிக் கணினி ஆய்வகங்களுக்கு நிதியளிப்பது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம். இத்திட்டத்தில் கேரளம், தமிழகம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களுக்கு நிதி நிலுவையில் இருப்பதை 2025-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே சுட்டிக்காட்டியது. கொள்கை வேறுபாடுகளை அரசுகள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். அதற்காக மாணவர்களின் ஆய்வகம் காத்திருக்கலாகாது.

கருவிகள் இலவசம், அவற்றைக் கல்வியாக மாற்றும் ஆசிரியரும் திட்டமிடலும் இலவசமாக வருவதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து மற்ற தலைநகரங்கள் கற்க வேண்டிய பாடம் இதுதான்.