பன்னீர் திராட்சையின் பிறந்த தேதி

கூரத்தில் குவார்ட்டர் பிராந்தி வாங்கப் போகிறவனும் ‘ஒயின்ஷாப்’புக்குத்தான் போகிறான். 2003இல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்கு மாறிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. ஒயினைத் தவிர எல்லாவற்றுக்கும் ஒயின் என்று பெயர் வைத்த நாம்தான் இப்போது ஒயினைப் பற்றித் தீர்ப்பும் சொல்கிறோம்.

தீர்ப்பு சொல்வது பெரும்பாலும் என் வகை ஆட்கள். ஐடி வேலை, டீம் அவுட்டிங், கிளாஸைச் சுழற்றி மோந்து பார்க்கக் கற்றுக்கொண்ட கை. நாசிக் ஷிராஸ் என்றால் தலையாட்டுவார்கள். கம்பம் பன்னீர் திராட்சை என்றால், “அது டேபிள் கிரேப் பாஸ், ஜூஸுக்குத்தான் லாயக்கு.”

பாதி உண்மை. பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க். துவர்ப்பு குறைவு, சாயமும் அடர்த்தியாக இறங்காது. கேபர்னே மாதிரி கனத்த ரெட் ஒயினை அதிலிருந்து எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் ஏன் எதிர்பார்க்க வேண்டும்? நாங்கள் நெல் ஊர்க்காரர்கள். சீரகச் சம்பா பாஸ்மதி போல நீளமாக இல்லையே என்று யாரும் அழுது பார்த்ததில்லை. கலிபோர்னியாவின் குவாடி நிறுவனம் இதே பழத்தில் ‘எலிசியம்’ என்ற இனிப்பு ஒயினைச் செய்கிறது. 1980இல் ரெமி மார்ட்டின் கூட்டோடு சீனாவின் தியான்ஜினில் தொடங்கிய டைனஸ்டி, இந்தக் கறுப்புத் திராட்சையில் வெள்ளை ஒயினே செய்தது. அவர்கள் பழத்தின் வாசனையைப் பிடித்துக்கொண்டார்கள். நாம் அதில் இல்லாத துவர்ப்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்க்கட்சி இன்னும் மோசம். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்ல விஷயம். கூடவே ஒரு கதையும் பரவியது: 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைக் கொண்டுவந்தாராம். மஸ்கட் ஹாம்பர்க் இங்கிலாந்தில் சீவர்ட் ஸ்னோ என்ற தோட்டக்காரர் 1850 வாக்கில் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய ரகம். பிறக்காத பிள்ளையை யார் தூக்கிவந்தது? பாதிரியார் கொண்டுவந்தது வேறு திராட்சையாக இருக்கலாம். ஆனால் ஆண்டையும் ரகத்தையும் ஒரே வாக்கியத்தில் எழுதும்போது யாருக்குமே உறுத்தவில்லையா? இன்னும் சிலர் புறநானூற்றுக்கே போய்விடுவார்கள். ஐயா, அதில் யவனர்தான் தேறலைக் கொண்டுவருகிறார்கள். அது இறக்குமதிச் சரக்கு.

இந்த இரண்டு தரப்பும் பேசாத ஆள் விவசாயி. கம்பத்தில் கொடிக்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது. கவாத்து செய்தால் துளிர்க்கும். வருஷம் முழுக்க அறுவடை உண்டு. கிலோ கணக்கில் எடுக்கும் வியாபாரிக்கு அது வரம். ஒயினுக்கு வேண்டியதோ நேர்மாறு: குலைகளைக் குறைக்கணும், பழத்தைக் கொடியிலேயே கூடுதல் நாள் விட்டுவைக்கணும். எடை குறையும், நடுவில் மழை வந்தால் பழம் வெடிக்கும். அந்த நஷ்டத்தை விலையில் ஈடுகட்ட ஆள் இல்லாதபோது ‘தரமில்லை’ என்று உதட்டைச் சுழிப்பது திமிர். மகாராஷ்டிரா 2001இலேயே திராட்சை ஒயினுக்கென்று தனிக் கொள்கை போட்டது, கர்நாடகா 2007இல். நாசிக்கின் பெருமையில் மண்ணுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு அந்த அரசாணைக்கும் உண்டு.

டிசம்பரில் பல கிறிஸ்தவ வீடுகளில் பீங்கான் ஜாடியைத் திறப்பார்கள். பன்னீர் திராட்சை, சர்க்கரை, பட்டை, கிராம்பு. லேசாக, இனிப்பாக, வாசனையாக இருக்கும். ஒயின் ஆலைக்காரர்கள் போர்தோவை விட்டுவிட்டு அந்த ஜாடியிலிருந்து தொடங்கலாம். சர்க்கரையை மட்டும் பாதியாகக் குறைக்கணும்.