கன்னியாவின் ஏழு கிணறுகளும் கலவானத் தோட்டத்து ஓடையும்: தீர்த்தம் யாருடைய பெயரில்?

மலையகத்தில் மாரியம்மன் திருவிழா நீர்க்கரையில்தான் தொடங்குகிறது. கரகம் பாலிக்க ஓர் ஆறோ ஓடையோ வேண்டும். இரத்தினபுரி மாவட்டத்தின் கலவானப் பகுதித் தோட்டங்களில் புகழ்பெற்ற தீர்த்தக்கேணி எதுவும் கிடையாது. சிங்கராஜ வனத்தை ஒட்டிய மலைகளிலிருந்து இறங்கி வரும் ஏதோவோர் ஓடைதான் அன்றைக்குத் தீர்த்தம்.

பெரிய தீர்த்தங்களுக்குப் பயணம் போக வேண்டும். எம்பிலிப்பிட்டிய வழியாகக் கதிர்காமம் சென்றால் மாணிக்க கங்கை. ஹட்டன் வழியாகச் சிவனொளிபாதமலை ஏறினால் சீத கங்குல. சீட்டுப் பிடித்துக் காசு சேர்த்து, வான் ஒன்றை அமர்த்தித் திருகோணமலைக்குப் போனால், கோணேஸ்வரத்தைக் கும்பிட்டுவிட்டுக் கன்னியா வெந்நீரூற்றில் ஒரு குளியல். இந்த வரிசையில் இன்று அதிகம் சர்ச்சைக்குள்ளாகியிருப்பது கன்னியாதான்.

கன்னியாவில் நடந்தது என்ன?

திருகோணமலை நகருக்கு அருகே சிறிய கிணறுகள் ஏழு. ஒவ்வொன்றின் சூடும் சற்றே வேறுபடும். நிலத்துக்குள் ஆழமாக இறங்கும் மழைநீர், சூடேறிப் பாறை வெடிப்புகள் வழியே மேலெழுவதே இதன் காரணம். இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்த இடம் இது என்பது தமிழர்களின் ஐதீகம். அதனால்தான் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைகளை இங்கு செய்யும் வழக்கம் நிலைத்தது.

பிரதேச சபையின் பராமரிப்பில் இருந்த இந்த இடம், போர் முடிந்த பின்னர் தொல்லியல் திணைக்களத்தின் கைக்குப் போனது. 2011 இல் வர்த்தமானி மூலம் தொல்லியல் இடமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் நுழைவுச்சீட்டை விற்றதும் திணைக்களமே. 2019 இல், பிள்ளையார் ஆலயம் இருந்த இடத்தில் விகாரை அமைக்கும் முயற்சி தொடங்கியது. ஜூலை 16 ஆம் திகதி தென்கயிலை ஆதீன முதல்வர் அகத்தியர் அடிகளார் தலைமையில் மக்கள் அங்கு திரண்டபோது பொலிஸார் வழிமறித்தனர். ஆதீன முதல்வர் மீது சுடுதேநீர் வீசப்பட்டதாகச் செய்திகள் வெளியாகின.

ஆறு நாட்களின் பின்னர், ஜூலை 22 இல், திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு வழங்கியது. விகாரைக் கட்டுமானம் தடை செய்யப்பட்டது. வழிபடச் செல்பவர்களைத் தடுக்கக்கூடாது, திணைக்களம் நுழைவுச்சீட்டு விற்கக்கூடாது என்றும் கூறப்பட்டது.

அந்த வழக்கை யார் தொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆலயக் காணிக்கு உரித்துடையவர் நீதிமன்றம் சென்றார். ஐதீகத்தையும் மக்கள் திரளையும் விட, அன்று கட்டுமானத்தைத் தடுத்து நிறுத்த உதவியது காணி மீதான உரித்து.

தொல்லியலா, நிர்வாகமா?

கன்னியாவில் பழைய பௌத்த எச்சங்கள் இருப்பதாகத் தொல்லியல் தரப்பு கூறுகிறது. இருக்கலாம். ஒரே நீர்க்கரையில் பல காலத்து வழிபாடுகள் அடுக்கடுக்காக இருப்பது இந்தத் தீவில் புதிதல்ல. கதிர்காமத்தில் இன்றும் பல மதத்தவர்கள் ஒரே ஆற்றில்தான் இறங்குகிறார்கள். சிக்கல், அந்த அடுக்குகளில் ஒன்றை மட்டும் எடுத்து, அதை நிர்வாக அதிகாரமாக மாற்றும்போதுதான் வருகிறது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்காக அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணிக்குப் பாதுகாப்புச் செயலாளர் தலைவரானார். தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில், தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை.

துக்கத்துக்கும் ஓர் இடம் வேண்டும்

போரைக் கடந்து வந்தவர்களுக்குத் தீர்த்தம் என்பது சுற்றுலாத் தலமல்ல. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்த பின்னர், கீரிமலை பல ஆண்டுகள் உயர்பாதுகாப்பு வலயத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்கு வேறு கரைகளைத் தேட வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், கையளிக்கப்பட்டும் கடத்தப்பட்டும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மார் கேட்டது பதிலை. பதில் கிடைக்காமல் அந்தியேட்டி செய்தால், பிள்ளை இறந்துவிட்டான் என்று தாயே ஒப்புக்கொண்டதாகிவிடும். கிரியை செய்வதா வேண்டாமா என்ற முடிவு அவர்களுடையதாக இருக்க வேண்டும். செய்ய முடிவெடுக்கும் நாளில், அதற்குரிய நீர்க்கரை திறந்திருக்க வேண்டும்.

இந்தக் கதையில் சப்ரகமுவவுக்கும் பங்கு உண்டு. 1977 இலும், மீண்டும் 1981 ஓகஸ்டிலும், இரத்தினபுரி மாவட்டத் தோட்டத் தமிழர்கள் தாக்கப்பட்டனர். லயன்களை விட்டு ஓடிய பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்களில் பலரை 2009 வரை போர் துரத்தியது. தோட்டத்து ஓடையில் கரகம் பாலித்த குடும்பங்களே, பிறகு வன்னியில் தம் இறந்தவர்களுக்குத் தண்ணீர் இறைத்தன.

கலவானவுக்கு என்ன பாடம்?

கன்னியாவில் வழக்குப் போட ஒருவரிடம் காணி உரித்து இருந்தது. கலவானத் தோட்டக் கோயில்கள் பலவற்றின் நிலை அப்படியல்ல. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இன் பின்னர் அவற்றில் பெரும்பகுதி நீண்டகாலக் குத்தகைக்குக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. கோயில் கட்டியவர்களும் வேலைக்குப் போய் அதற்குச் சந்தா கொடுத்தவர்களும் தொழிலாளர்கள். ஆனால், காணி அவர்கள் பெயரில் இல்லை. ஓடைக்குப் போகும் பாதையும் இல்லை. இந்த மாவட்டத்தின் ஓடைகளில் சிறு நீர்மின் நிலையங்களும் மாணிக்கக் குழிகளும் பெருகியுள்ளன. நாளை ஒரு வேலி விழுந்தால், எந்தப் பத்திரத்தைக் காட்டி நீதிமன்றம் போவது?

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு. கன்னியாவின் நிர்வாகத்தில் ஆலயத் தரப்புக்கும் உள்ளூராட்சி சபைக்கும் சட்டப்படியான இடம் வேண்டும். இடைக்கால உத்தரவு நிரந்தரத் தீர்வாகிவிடாது. தோட்டங்களில் வீட்டுக் காணி கோரும்போது கோயில் காணியையும் நீர்க்கரைக்கான பாதையையும் சேர்த்து அளந்து, நம்பிக்கைப் பொறுப்பாகப் பதிவு செய்யக் கோர வேண்டும். காணி உரிமை பேசும் மலையகக் கட்சிகள் வீட்டுக்கான பேர்ச்சஸ் கணக்கோடு நின்றுவிடுகின்றன. அடுத்த திருவிழாவுக்குக் கரகம் இறங்கும் ஓடையும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.