சங்கம் ஓர் இரவு சைக்கிளில் போகட்டும்

நம் சங்கத்தின் ஓராண்டு நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுத்துப் பாருங்கள். பொங்கல் விழா, தமிழ்ப் புத்தாண்டு, நவராத்திரிக் கொலு, நடுவில் ஒரு பட்டிமன்றம், ஒரு மெல்லிசை நிகழ்ச்சி, கடைசியில் ஆண்டுப் பொதுக்குழு. எல்லாமே நன்றாகத்தான் நடக்கின்றன. குறை சொல்ல வரவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் மேடையில் பத்துப் பேர், நாற்காலியில் இருநூறு பேர். அந்த இருநூறில் பதினைந்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் சங்கத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அதன் பிறகு அவர்களை அவர்களுடைய கல்யாண வரவேற்பில்தான் பார்க்கிறோம்.

இதற்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. ஒரு பௌர்ணமி இரவில் புவனேஸ்வரிலிருந்து புரி கடற்கரை வரை நாம் எல்லோரும் கூட்டாகச் சைக்கிளில் போக வேண்டும். நள்ளிரவுக்குப் பின் கிளம்பி, சூரியன் உதிக்கும்போது கடலின் முன் நிற்க வேண்டும். சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

இந்த யோசனை நானாகக் கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்தில் 1990-களின் தொடக்கத்திலிருந்து இப்படி ஒரு பயணம் நடந்து வருகிறது. ஜூலை மாதத்தில், பௌர்ணமியை ஒட்டிய ஒரு சனிக்கிழமை மாலை, லண்டனில் ஹாக்னி பகுதியிலுள்ள லண்டன் ஃபீல்ட்ஸ் என்ற பூங்காவில் சைக்கிள்காரர்கள் கூடுகிறார்கள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் கிளம்பி, எப்பிங் காட்டைக் கடந்து, இரவு முழுவதும் கிராமச் சாலைகளில் ஓட்டி, மறுநாள் காலையில் சஃபக் மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள டன்விச் என்ற ஊருக்குப் போய்ச் சேருகிறார்கள். சுமார் 180 கிலோமீட்டர். ஆயிரம் பேருக்கு மேல் போகிறார்கள். இதற்கு 'டன்விச் டைனமோ' என்று பெயர். டன்விச் என்று எழுதினாலும் அந்த ஊர்க்காரர்கள் டன்னிச் என்றுதான் சொல்கிறார்கள்.

டைனமோ என்றதும் நம் வயதுக்காரர்களுக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும். பின் சக்கர டயரில் உரசி ஓடும், 6 வோல்ட், 3 வாட் கொடுக்கும் அந்தச் சின்னப் புட்டி. விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் பிடிப்பார். டபுள்ஸ் போனாலும் பிடிப்பார். அது ஒரு காலம்.

அந்த டன்விச்சின் கதையும் சுவையானது. இடைக்காலத்தில் அது பெரிய துறைமுகப் பட்டினம். 1286-லும் 1328-லும் வீசிய புயல்களுக்குப் பிறகு துறைமுகம் தூர்ந்து, ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் போயிற்று. ஊரே இல்லாத நிலையிலும் 1832 வரை நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கடைசிப் பழைய தேவாலயமும் மேட்டிலிருந்து இடிந்து கடலில் விழுந்தது. பூம்புகாரைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும், 1964-இல் தனுஷ்கோடி போனதை அறிந்தவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

என் மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். நானும் என் மனைவியும் அவளைப் பார்க்கப் போயிருந்த ஒரு ஜூலையில் அவளும் மருமகனும் இந்தப் பயணத்துக்குக் கிளம்பினார்கள். வழியனுப்ப அந்தப் பூங்காவுக்குப் போனேன். பந்தய சைக்கிள், மடக்கு சைக்கிள், இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிள் எல்லாம் இருந்தன. என்னைவிட மூத்தவர்கள் பலர் நின்றார்கள். கல்லூரிப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். ரிப்பன் வெட்ட ஆளில்லை, தலைமை உரை இல்லை, பொன்னாடை இல்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது, பரிசு கிடையாது, முதலில் வந்தவர் யார் என்று எழுதிவைக்கவும் ஆள் கிடையாது. நேரம் ஆனதும் ஒவ்வொருவராக ஏறிப் போனார்கள். சாலை வளைவில் சிவப்பு விளக்குகள் வரிசையாக மறைந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மாலை அவர்கள் பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். சைக்கிள்களை லாரியில் ஏற்றி அனுப்ப ஏற்பாடு உண்டு. மகள் சொன்ன விவரங்களில் இரண்டு என் மனத்தில் நின்றன. ஒன்று, வழியில் கிராமத்துப் பொது மண்டபங்களை நடுராத்திரியில் திறந்துவைத்து, ஊர்க்காரர்கள் சூடாகச் சாப்பிடக் கொடுக்கிறார்கள். அந்த வருமானம் அந்த ஊர்ப் பொதுக் காரியத்துக்குப் போகிறது. இரண்டு, அவளுக்கு டயர் பஞ்சர் ஆனபோது முன்பின் தெரியாத நான்கு பேர் நின்று, ஒருவர் டார்ச் பிடிக்க ஒருவர் டியூப் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். எட்டு வருஷமாக அந்த நகரத்தில் இருந்தும் அன்றைக்குத்தான் அது தன் ஊர் என்று தோன்றியதாகச் சொன்னாள்.

நமக்கு வேண்டியது இதுதான் என்பது என் தாழ்மையான கருத்து. வெளியூரில் பிழைக்க வந்த குடும்பங்கள் நாம். நம் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு விடுமுறைக்குப் போகும் இடம். ஒடிசாவோ அப்பா வேலை பார்க்கும் இடம். இரண்டும் முழுசாகச் சொந்தமில்லை. ஒரு சாலையைத் தன் காலால் மிதித்துக் கடந்தவனுக்கு அந்தச் சாலை மறக்காது. பிப்பிலியில் துணி வேலைப்பாட்டுக் குடைகளும் விளக்குகளும் தொங்குவதைக் கார் கண்ணாடி வழியே பார்ப்பது வேறு. அங்கே இரவு இரண்டு மணிக்கு நின்று டீ குடிப்பது வேறு. மேலும், மேடையில் பேச வராத பையனும் பஞ்சர் ஒட்டுவான். பாட்டுப் போட்டியில் கடைசியாக வந்த பெண் அறுபது கிலோமீட்டர் மிதித்துவிடுவாள். சங்கத்தில் அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டாமா?

இனி ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். செயற்குழு நண்பர்கள் சிலரிடம் பேசியபோது மூன்று கேள்விகள் வந்தன.

முதல் கேள்வி: ராத்திரி லாரிகள்? நியாயமான கேள்வி. அதனால்தான் லண்டன்காரர்களை அப்படியே காப்பி அடிக்கச் சொல்லவில்லை. அவர்களுக்கு ஜூலையில் இருட்டு ஏழெட்டு மணி நேரம்தான். பாதையும் பெரும்பாலும் கிராமச் சாலை. நமக்கு இருப்பது நாலு வழி நெடுஞ்சாலை. ஆகவே நமக்குக் கட்டுப்பாடு கூடுதலாக வேண்டும்.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் வேலை பார்த்தவன். மழைக்காலத்தில் கேங்மேன்கள் கையில் விளக்கும் டெட்டனேட்டரும் எடுத்துக்கொண்டு இரவெல்லாம் லைனில் ரோந்து நடப்பார்கள். தன் எல்லை முடிந்த இடத்தில் அடுத்த ஆளைச் சந்தித்து, ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அவர்களைச் சோதிக்க நானும் எத்தனையோ இரவுகள் நடந்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான பயணிகள் தூங்கிக்கொண்டு போக முடிவது, இப்படி ஒருவன் முறைப்படி நடப்பதால்தான். இரவில் வேலை செய்ய முறை இருக்கிறது. அந்த முறையை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு ரயில் ஸ்டேஷனைக் கடக்கும்போது, கடைசிப் பெட்டியின் பின்னால் உள்ள சிவப்பு விளக்கைப் பார்த்த பிறகுதான் வண்டி முழுசாக வந்துவிட்டது என்று ஸ்டேஷன் மாஸ்டர் ஒப்புக்கொள்வார். பகலில் அதற்கு 'எல்.வி.' என்று எழுதிய பலகை. அது தெரியாவிட்டால் பெட்டி ஏதோ பின்னால் கழன்று நிற்கிறது என்று பொருள். அடுத்த வண்டியை விடக்கூடாது. நம் பயணத்துக்கும் இதுவே முதல் விதி. பத்துப் பேருக்கு ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஒரு பொறுப்பாளர், பின்னால் ஒரு பொறுப்பாளர். பின்னால் வருபவருக்குத் தனி அடையாள விளக்கு. தங்குமிடத்தில் அந்த விளக்கு வந்து சேரும்வரை அந்தக் குழு கிளம்பக் கூடாது. வேகம் எவ்வளவு என்றால், மெதுவாக மிதிப்பவரின் வேகம்தான்.

இரண்டாவது விதி, விளக்கு. டைனமோ மட்டும் போதாது. சக்கரம் நின்றால் பழைய டைனமோவும் நின்றுவிடும். பஞ்சர் பார்க்க ஓரமாக நிற்கும் நேரத்தில்தான் பின்னால் வரும் லாரிக்கு நாம் தெரிய வேண்டும். ஆகவே பின்பக்கம் பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கும், உடம்பில் ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை போட்ட சட்டையும் கட்டாயம். ஹெல்மெட்டும் கட்டாயம். இடது ஓரமாக ஒற்றை வரிசை. முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு குட்டி யானை வண்டி. முடியாதவர்கள் சைக்கிளோடு அதில் ஏறிக்கொள்ளலாம். யாரும் கேலி செய்யக்கூடாது. போலீசுக்கு முன்கூட்டியே கடிதம். ஐம்பது தாண்டியவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுப் பெயர் கொடுக்கட்டும்.

இரண்டாவது கேள்வி: பெண் பிள்ளைகளை ராத்திரியிலா? இந்தக் கேள்விதான் எனக்குப் புரியவில்லை. பதினெட்டு வயதில் அதே பெண்ணைப் படிக்கவும் வேலைக்கும் பெங்களூருக்கும் பூனாவுக்கும் தனியாக ரயில் ஏற்றிவிடுகிறோம். அந்த ரயில் இரவில் ஓடவில்லையா? கூடவே அப்பா, அம்மா, சித்தப்பா, மாமா என்று ஐம்பது பேர் மிதித்துவரும் இரவைவிட அவளுக்குப் பத்திரமான இரவு எது? 1990-களின் தொடக்கத்தில், லண்டன்காரர்கள் டன்விச்சுக்குக் கிளம்பிய அதே காலத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கேலி பேசியவர்கள் அன்றும் இருந்தார்கள். அந்தப் பெண்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நம் வீட்டுப் பெண்கள் அவர்களுக்கு இளைத்தவர்களா? பெண்களை விட்டுவிட்டுப் போவதென்றால் இந்தப் பயணமே வேண்டாம் என்பேன்.

மூன்றாவது கேள்வி: இதில் தமிழ் எங்கே இருக்கிறது? கடலுக்குப் போக நமக்கென்றே ஒரு நாள் உண்டு. மாசி மகத்தன்று நம் ஊர்ச் சாமிகளே கடலுக்குப் போகின்றன. நாமும் மாசிப் பௌர்ணமியை ஒட்டிய ஒரு சனிக்கிழமை இரவை எடுத்துக்கொள்வோம். மார்கழிப் பனிமூட்டம் குறைந்திருக்கும். வெயில் இன்னும் ஏறியிருக்காது. பௌர்ணமி நிலவு சூரியன் மறையும்போது எழுந்து, விடியும்போதுதான் இறங்கும். இரவு முழுவதும் மேலே ஒரு விளக்கு இலவசம். வழியெல்லாம் தமிழில்தான் பேசிக்கொண்டு போகப்போகிறோம். ஐந்து மணி நேரம் தொடர்ந்து தமிழ் பேசும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு வேறு எங்கே கிடைக்கிறது?

தூரம் சுமார் 60 கிலோமீட்டர்தான். மணிக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தால் மிதிப்பதற்கு ஐந்து மணி நேரம். பிப்பிலியில் அரை மணி, தேங்காய்க்குப் பேர்போன சாக்கிகோபாலில் கால் மணி நிற்கலாம். இரவு பன்னிரண்டுக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குள் கடற்கரை. வழியில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லிப் பொட்டலம், கடற்கரையில் புளியோதரை. ஒரே ஓர் எச்சரிக்கை. புரியின் கடல் அலை வலுவானது. தூக்கமில்லாமல் களைத்த உடம்போடு யாரும் நீந்த இறங்கக்கூடாது. கால் நனைக்க நினைப்பவர்களும், கூம்புத் தொப்பி போட்ட நூலியாக்கள் காவல் நிற்கும் இடத்தில் மட்டும் நனைக்கலாம். திரும்பும்போது நாம் ரயிலில், சைக்கிள்கள் வண்டியில்.

தை மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகளில் ஒத்திகை வைத்துக்கொள்வோம்: முதலில் 15, பிறகு 25, பிறகு 40 கிலோமீட்டர். ஒத்திகைக்கு வராதவர்களுக்கு இரவுப் பயணத்தில் இடமில்லை என்று கறாராகச் சொல்லிவிட வேண்டும். பதினான்கு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் கடற்கரையில் காத்திருந்து வரவேற்கட்டும்.

செலவு ஒரு மெல்லிசை நிகழ்ச்சியின் செலவில் சிறு பங்குகூட வராது. செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர்கள், முதலுதவி தெரிந்தவர்கள், பின்னால் வண்டி ஓட்ட முன்வருபவர்கள் இப்போதே செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். மிதிப்பவர்கள் பட்டியலில் என் பெயரையும் என் மனைவியின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் குழுவின் பின் விளக்கு என் பொறுப்பு.