வர்த்தகர் கோரிக்கையும் தொழிலாளர் கூலியும்

ஆண்டு பிறந்து, பழைய கணக்குக் கொப்பிகள் மூடப்பட்டுப் புதியவை திறக்கப்படும் இந்நாட்களில், நாடெங்குமுள்ள வர்த்தகச் சங்கங்கள் கூடி, அரசாங்கம் தமக்கு இவ்வாண்டில் செய்து தரவேண்டிய காரியங்கள் இன்னின்ன என்று வரிசைப்படுத்தி, அவற்றை மகஜராக எழுதி அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் சமர்ப்பிப்பது நல்லதொரு வழக்கம். வரியைக் குறைக்க வேண்டும், வட்டியைத் தணிக்க வேண்டும், வீதியைச் செப்பனிட வேண்டும் என்ற மூன்றும் அம்மகஜர்களில் வருஷம் தவறாமல் இடம்பெறுகின்றன. அவை நியாயமான கோரிக்கைகளே. ஆயினும் தேயிலை மலைகளுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் நடுவே, நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் சாலையில் அமைந்த கந்தப்பளை போன்றதொரு சிறு நகரத்தின் வியாபாரிகள் அத்தகைய பட்டியலை எழுத உட்காரும்போது, அதன் முதல் வரியில் எதை வைப்பது என்பது ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய விஷயமாகும்.

தொழில் நடத்துவோர் ஒன்றுகூடி நின்று அரசாங்கத்தின் கொள்கையைத் தம் வழிக்குத் திருப்பிய சரித்திரம் இம்மலைநாட்டுக்குப் புதியதன்று. கோப்பித் தோட்டங்களை நடத்திவந்த வெள்ளைக்காரத் துரைமார் 1854ஆம் ஆண்டில் கண்டியில் கூடி ஸ்தாபித்த இலங்கைத் தோட்டத் துரைமார் சங்கம், இன்றளவும் உயிரோடிருக்கும் ஸ்தாபனம். கோப்பி மூட்டைகளை மாட்டு வண்டிகளில் ஏற்றி, மழையில் கரைந்துபோகும் பாதைகளில் கொழும்புத் துறைமுகத்துக்கு அனுப்பிய அந்தக் காலத்தில், வீதியும் ரயிலும் வேண்டும் என்று அவர்கள் தேசாதிபதிகளை ஓயாமல் நெருக்கினார்கள். 1864ல் அம்பேபுசை வரையிலும், 1867ல் கண்டி வரையிலும், 1885ல் நானுஓயா வரையிலும் தண்டவாளம் ஏறிவந்தது. அதனோடும் திருப்தியடையாமல், நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஒரு குறும்பாதை ரயிலையும் அவர்கள் பெற்றுக்கொண்டார்கள். 1904ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்ட அப்பாதை 1940களில் மூடப்பட்டுவிட்டது. இந்த மலையுச்சியில் ரயில் ஓடியதென்று சொன்னால் நம்ப மறுக்கும் பிள்ளைகள் இன்று நம் பள்ளிக்கூடங்களில் படிக்கிறார்கள். ஆனால் தேயிலைப் பெட்டியை ஏற்றுவதற்காகச் சமுத்திர மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடி உயரத்தில் ஒரு ரயிலை வரவழைக்கும் சக்தி, ஒன்றுபட்ட ஒரு கூட்டத்தாரின் இடைவிடாத பிரயாசைக்கு இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அவர்களிடம் கற்றுக்கொள்ளத்தக்க குணம் இன்னுமொன்று உண்டு. 1869ல் தோன்றிய இலைநோய் கோப்பியை வேரோடு நாசமாக்கியபோது அவர்கள் அரசாங்கத்திடம் நிவாரணம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, தேயிலைக்கு மாறினார்கள், மாறியபின், அதை உலகுக்கு அறிமுகப்படுத்தும் செலவுக்காகத் தங்கள் ஏற்றுமதியின் மீதே ஒரு தீர்வையை விதிக்கும்படி தாங்களே அரசாங்கத்தைக் கேட்டு வாங்கினார்கள். 1893ஆம் வருஷத்துச் சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கைத் தேயிலை பெற்ற கீர்த்தி அத்தகைய கூட்டு முயற்சியின் பலனாகும். 1925ல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றியபோதும், அதன் செலவுக்குத் தேயிலையிலிருந்தே பணம் சேர்ந்தது. கேட்பவர் தாமும் ஒரு பங்கைக் கொடுக்க முன்வரும்போது கோரிக்கைக்கு ஒரு கௌரவம் உண்டாகிறது.

இவ்வளவும் போற்றத்தக்கவை. ஆனால் அந்தச் சங்கத்தின் பழைய கோரிக்கைகளில் தொழிலாளி எங்கே நின்றான் என்று தேடினால் நெஞ்சு கனக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைத் தடையின்றிக் கொண்டுவர வழி வேண்டும் என்பதும், வந்தவர் தோட்டத்தை விட்டு ஓடாதிருக்கச் சட்டம் வேண்டும் என்பதுமே அவனைப் பற்றிய பேச்சாக இருந்தன. மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழி நடந்து, பேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மடிந்த ஆயிரக்கணக்கான ஜனங்கள் அக்கணக்கில் வரவாகவும் எழுதப்படவில்லை, செலவாகவும் எழுதப்படவில்லை. கடன் தீரும்வரை தொழிலாளியைக் கட்டிவைத்த துண்டு முறை 1921ல்தான் ஒழிந்தது. குறைந்தபட்சக் கூலிக்கு 1927ல்தான் சட்டம் வந்தது. அதுவும் இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தல் இல்லாமல் வரவில்லை. 1948ல் இத்தொழிலாளரின் பிரஜாவுரிமை பறிபோயிற்று. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரையில் அந்தக் கறை முழுமையாக நீங்கவில்லை. ரயிலைக் கேட்டுப் பெற்ற அதே விடாமுயற்சியின் ஒரு சிறு பகுதி இவர்களுக்காகச் செலவிடப்பட்டிருந்தால், மலையகத்தின் விதி வேறுவிதமாக அமைந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்றும் தோட்டத் துரைமார் சங்கத்தின் பட்டியலில் தலையாய விஷயம் கூலிதான். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் மூலம் நாட்கூலி ஆயிரம் ரூபா ஆயிற்று; 2024ல் 1,700 ரூபா என்று வர்த்தமானி வெளியாகி, தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்று, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, கடைசியில் அடிப்படைக் கூலி 1,350 ரூபாவில் நின்றது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், அதை 1,550 ரூபாவாக உயர்த்தவும், வருகைக் கொடுப்பனவாக 200 ரூபாவை அரசாங்கமே சேர்த்து வழங்கவும் முன்மொழியப்பட்டது. அரசாங்கம் கூலியை நிர்ணயிப்பது தகாது, உற்பத்திக்கேற்ற ஊதியமே நிலைக்கும், தொழிலாளிக்குச் செடிகளைப் பிரித்துக் கொடுத்து வருமானத்தில் பங்கு தரும் முறையே இனி வழி என்பது கம்பனிகளின் வாதம். 2013ல் 34 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைச்சல் 2022ல் 25 கோடி கிலோவளவுக்கு இறங்கிவிட்ட நிலையில், அவர்களுடைய கவலையைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. வருமானப் பங்கு முறையும் ஆராயத்தக்கதே. ஆனால் சேமலாப நிதி தொடருமா, அந்த நிலத்தின்மீது அவனுக்கு உரிமை ஏதும் பிறக்குமா, மழையிலும் பனியிலும் கொழுந்து குறையும் மாதங்களில் குடும்பம் எதை உண்ணும் என்ற கேள்விகளுக்கு விடை எழுதப்படாதவரையில், அது பங்கு என்ற பெயரில் நஷ்டத்தை மட்டும் பகிர்ந்து கொடுப்பதாகவே முடியும். 1992ல் கம்பனிகள் தோட்டங்களைப் பொறுப்பேற்றபோது மூன்று லட்சத்துக்கு மேற்பட்டிருந்த தொழிலாளர் தொகை இன்று அதில் பாதிக்கும் குறைவு. ஆள் இல்லை என்று முறையிடுவோர், ஆட்கள் ஏன் போனார்கள் என்பதையும் தம் மகஜரில் ஒரு பத்தியாக எழுதுதல் வேண்டும்.

கந்தப்பளைக் கடைவீதியின் வியாபாரி இந்த வழக்கில் வெறும் பார்வையாளன் அல்லன். மாதத்தின் பத்தாந் தேதியை ஒட்டி, தோட்டங்களில் சம்பளம் போட்ட மறுநாள், நம் கடைவீதியில் வந்து நின்று பார்ப்பவருக்கு இந்த உண்மை பிரத்தியட்சமாகப் புலப்படும். மலையிலிருந்து இறங்கிவரும் பெண்கள் முதலில் பலசரக்குக் கடைக்குத்தான் வருகிறார்கள். கடைக்காரர் பற்றுக் கொப்பியைப் புரட்டி, சென்ற மாதத்துக் கோதுமை மா இவ்வளவு, பருப்பு இவ்வளவு, நெத்தலிக் கருவாடு இவ்வளவு என்று வாசிக்க, அவர்கள் விரலை மடக்கி எண்ணிக் கேட்டு, கடனைத் தீர்த்து, மிஞ்சியதில் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கலாமா, அடகில் கிடக்கும் தோட்டை மீட்கலாமா என்று அங்கேயே நின்று யோசிக்கிறார்கள். கூலியில் நூறு ரூபா கூடினால் அது வேறெந்த ஊருக்கும் போவதில்லை. அந்த மாதமே, அதே வீதியில், சப்பாத்துக் கடையிலும் துணிக்கடையிலும் மருந்துக் கடையிலும் இறங்குகிறது. வேலை நாட்கள் குறைந்து, சம்பளம் சுருங்கிய மாதத்தில் பற்றுக் கொப்பியின் பக்கங்கள் நீள்கின்றன. கடைக்காரரும் தம் மொத்த வியாபாரியிடம் தவணை கேட்கிறார். ஆகவே தொழிலாளியின் கூலி உயர்வு தமக்குச் சம்பந்தமில்லாத தொழிற்சங்க விவகாரம் என்று ஒதுங்குவது, நம் வியாபாரிகள் தம் சொந்த லாபத்தைத் தாமே மறுதலிப்பதற்கு ஒப்பாகும்.

எனவே, பட்டியலின் முதல் வரியில் தொழிலாளரின் கூலியும் காணியும் இருத்தல் வேண்டும். காணி என்று சேர்த்துச் சொல்வதற்குக் காரணமுண்டு. லயக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் தன் பெயரில் ஓர் உறுதிப்பத்திரம் இல்லாத மனிதனுக்கு வங்கி கடன் கொடுப்பதில்லை. அவன் கடை வைக்கவும் முடியாது, மாடு வாங்கவும் முடியாது, நான்கு பாத்தி கரட் போடவும் தோட்ட நிருவாகத்தின் தயவை எதிர்பார்க்க வேண்டும். ஏழு பேர்ச் என்றும் பத்து பேர்ச் என்றும் அறிவிப்புகள் வந்தன. இந்திய உதவியுடன் நாலாயிரம் வீடுகளும், 2017ல் மேலும் பத்தாயிரம் வீடுகளும் அறிவிக்கப்பட்டன. வீடு கட்டப்பட்ட இடத்திலும் உறுதிப்பத்திரம் கைக்கு வந்து சேருவதே உண்மையான ஆரம்பம். உறுதி பெற்ற குடும்பம் ஒவ்வொன்றும் ஊருக்குப் புதியதொரு வாடிக்கையாளனை மட்டுமன்று, நாளடைவில் ஒரு வியாபாரியையும் தரும்.

இரண்டாவதாக மரக்கறி. விடியுமுன் பிடுங்கிய கரட்டைச் சுழலும் கூண்டுகளில் நீர் பாய்ச்சிக் கழுவி, செம்பொன்னாகப் பளபளக்கும்போதே சாக்குகளில் திணித்து, லீக்ஸ் கட்டுகளோடு லொறியில் அடுக்கி, தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ அனுப்பிவிட்டு, அங்கே என்ன விலை போயிற்று என்று தொலைபேசிக்காகக் காத்திருப்பதே நம் விவசாயியின் தினசரி வாழ்க்கை. மேலடுக்கின் பாரத்தில் அடிச்சாக்குகள் நசுங்கி, நம் நாட்டு மரக்கறியில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் உண்பவர் வாய்க்குப் போகாமல் வீணாகிறது. பிளாஸ்டிக் கூடைகளில்தான் ஏற்றவேண்டும் என்று 2011ன் இறுதியில் அரசாங்கம் கட்டளையிட்டபோது வியாபாரிகள் கொதித்தெழுந்தார்கள்; கட்டளை தளர்ந்தது; நஷ்டமோ தளரவில்லை. கூடை வாங்கச் சகாயமும், வெறுங்கூடை திரும்பி வர ஒழுங்கும் கொடுங்கள், நாங்கள் மாறுகிறோம் என்று அன்று ஒரு சங்கம் சொல்லியிருக்கலாம்; இன்றும் சொல்லலாம். 5,000 தொன் கொள்ளும் குளிர் களஞ்சியமொன்று 2025 ஏப்ரலில் தம்புள்ளையில் திறக்கப்பட்டது. விளையும் இடத்துக்கருகில், அதைவிடச் சிறியதொன்று இம்மலையில் அமைந்தால், விலை விழுந்த நாளில் சரக்கை இரண்டொரு நாள் தாமதிக்கச் செய்யும் வலிமை விவசாயிக்குக் கிட்டும். 2021ல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்து, தேயிலையையும் உருளைக்கிழங்கையும் ஒருங்கே வாடச்செய்த அனுபவம், பயிரிடுவோரைக் கலந்தாலோசிக்காமல் கொள்கை வகுக்கலாகாது என்ற பாடத்தை நாட்டுக்கு மிகுந்த விலை வாங்கிக்கொண்டு கற்பித்துவிட்டது.

மூன்றாவதாக வீதியும் மலைச்சரிவும். 2025 நவம்பர் கடைசியில் வீசிய டித்வா புயல் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மலையக ரயில் பாதை பல இடங்களில் அறுந்தது. மண்சரிவில் சாலைகள் மறைந்தன. சாலை துண்டிக்கப்பட்டால் இங்கே மரக்கறி அழுகுகிறது, அங்கே மருந்து வந்து சேருவதில்லை. உடைந்த இடத்தை மட்டும் அடைப்பதோடு நில்லாமல், வடிகாலைத் திருத்துவதும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தானவை என்று கண்ட சரிவுகளிலிருந்து லயங்களை அகற்றிப் பாதுகாப்பான நிலத்தில் குடியேற்றுவதும் ஒரே வேலையின் இரு பகுதிகள். தோட்ட வீதிகளுக்குப் பிரதேச சபைகள் பணம் செலவிடத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2018ல் திருத்தப்பட்டுவிட்டமையால், பழைய சாக்குப்போக்கும் இப்போது இல்லை.

இவற்றை எழுதும் முறையிலும் நாம் துரைமாரின் திறமையைக் கொள்வோமாக. அவர்களுடைய மறதியை மட்டும் விலக்குவோமாக. எத்தனை லொறிகள் போகின்றன, எவ்வளவு சரக்கு வீணாகிறது, சம்பள வாரத்தில் எவ்வளவு வியாபாரம் நடக்கிறது என்று வருஷம் முழுதும் கணக்கெடுத்து வைத்துக்கொண்டு பேசும் சங்கத்தை எந்த அதிகாரியும் இலேசாக ஒதுக்க முடியாது. பட்டியலை வகுக்கும் கூட்டத்தில் கடைக்காரரோடு மரக்கறி விவசாயியும், லொறிக்காரரும், கொழுந்தெடுக்கும் பெண்ணும் சரிசமமாக அமர்ந்து பேச இடம் வேண்டும். வந்திருப்போர் தமிழரோ சிங்களவரோ முஸ்லிம்களோ எவராயினும் சரக்கும் சாலையும் அவர்களுக்குப் பொதுவானவை. தான் கேட்கும் நன்மையில் தன்னிலும் எளியவனுக்கு ஒரு பங்கு உண்டா என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ளும் வர்த்தகர் சபையே ஓர் ஊரின் சார்பாகப் பேசத் தகுதியுடையது. அத்தகைய சபையொன்று இவ்வாண்டு நம் கந்தப்பளையில் கூடி, கொழுந்து கிள்ளும் தாயின் கூலியையும் காணியையும் முதற் கோரிக்கையாக எழுதிக் கையொப்பமிடுமானால், அந்தக் காகிதத்தின் கீழ் என் பெயரையும் மனமுவந்து எழுதுவேன்.